கொசுறாக இரண்டு கோடுகள்

விளக்கெண்ணெய் வாசனை மூக்கில் ஏறினால் என் வயதுக்காரர்கள் பலருக்கு வயிறு கலங்கும். கையையும் காலையும் அழுத்திப் பிடித்து, மூக்கை மூடி, பாலாடையால் வாயில் ஊற்றிய சனிக்கிழமைகள் அவர்களுக்கு ஞாபகம் வரும். எனக்கும் ஊற்றியிருக்கிறார்கள், நான் ஒன்றும் தப்பித்தவள் இல்லை. ஆனாலும் அந்த வாசனை வந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கோல்ஃப் மட்டைதான். கைப்பிடியில் சுற்றியிருக்கும் பழைய தோல்வாரில் விளக்கெண்ணெயைத் துளித்துளியாக விட்டுப் பெருவிரலால் நீவினால், காய்ந்து வெடித்துக் கிடந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்து, இளகி, எண்ணெய் தேய்த்துவிட்ட குழந்தையின் முதுகைப் போல மினுங்க ஆரம்பிக்கும். சங்கரன்கோவிலில் ஏது கோல்ஃப் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஊரில் கோல்ஃப் கிடையாது. மட்டைகள் மட்டும் இருந்தன, அதுவும் எங்கள் வீட்டு மாடியில்.

எண்பதுகளின் தொடக்கத்தில், நான் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வேலைக்கு வந்த டாக்டரம்மா ஒருவர் எங்கள் மாடிக்குக் குடிவந்தார். முப்பது வயதைத் தாண்டியவர், தனியாள், குன்னூர்க்காரர். அவருடைய அப்பா பட்டாளத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டியிலிருந்து இரண்டு டிரங்குப் பெட்டிகளும் ஒரு மடக்குக் கட்டிலும் இறங்கின. அவற்றுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கு ஒரு தோல்பை இறங்கியது. அதற்குள் ஐந்து இரும்புத்தலை மட்டைகளும் இரண்டு மரத்தலை மட்டைகளும் இருந்தன. அம்மா அவற்றை எட்டிப் பார்த்துவிட்டு, நெஞ்சில் கைவைத்தபடி மாடிப்படி ஏறிப் போய்ச் சொன்னாள்: "தாயி, இந்த ஊர்ல பாம்ப அடிக்கப்பிடாது, கேட்டியளா? கண்டா ஒரு கும்புடு போட்டுட்டு ஒதுங்கிரணும். கோயில் புத்துமண்ணு தாரேன், வாசல்ல வச்சிக்கிடுங்க." டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. இது பாம்புக்கு இல்லை அக்கா, பந்துக்கு என்றார். இத்தனூண்டு பந்தை அடிக்க இத்தனை கம்பா என்று அம்மாவுக்கு அதற்குமேல் ஆச்சரியம்.

விடிந்தும் விடியாமலும் டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வற்றிக் கிடந்த குளத்துக்குள் இறங்கிவிடுவார். வெறும் கரிசல் தரை. அதில் பந்தை வைத்து, இடுப்பைத் திருப்பி ஒரு வீசு வீசினால் "டொக்" என்று சத்தம் வரும், பந்து கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் போய் விழும். சத்தத்தை வைத்துத் தெருப்பிள்ளைகள் அதற்கு "டொக்குக் கம்பு" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எருமை மேய்க்க வந்தவர்கள்கூட, "டாக்டரம்மா டொக்கு அடிக்காவ, கொஞ்சம் தள்ளி ஓட்டுங்கல" என்று மரியாதையாக வழி விட்டார்கள்.

திரும்பி வரும்போது மட்டைகளின் தலையெல்லாம் கரிசல் அப்பியிருக்கும். டாக்டரம்மாவுக்கு ஆஸ்பத்திரிக்கு நேரமாகிவிடும் என்பதால் துடைக்கும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வாங்கியது நான்தானே தவிர, ஒரு மாதத்துக்குள் வீடே அதில் இறங்கிவிட்டது. அவர் சொல்லிக்கொடுத்த முறை எளிதானது. மரத்தலைக்குப் பெயின்ட் கடையில் விற்கும் ஆளிவிதை எண்ணெய், தோலுக்கு விளக்கெண்ணெய், இரும்புக்கு ஈரத்துணி, உடனே காய்ந்த துணி, துரு தெரிந்தால் மட்டும் லேசாக உப்புத்தாள். அந்த இரும்புகள் அவருடைய தாத்தா காலத்தவை, மேலே முலாம் கிடையாது, ஒரு ராத்திரி ஈரத்தோடு விட்டால் காலையில் செம்மண் பூத்துவிடும். "இரும்பையும் பிள்ளையையும் ஈரத்தோட விடப்பிடாது" என்று சொல்லி அம்மா தன் பங்குக்குத் தலைதுவட்டும் துண்டு ஒன்றையே மட்டைகளுக்கென்று ஒதுக்கிவிட்டாள். ஆயுத பூசைக்கு மட்டைகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துப் பொரிகடலை படைத்தோம். டாக்டரம்மா ஒரு வாரம் பொட்டை அழிக்காமலே பந்தடித்தார்.

அப்பா விசைத்தறிக் கூடத்தில் பிட்டர். முப்பது தறிகள் ஓடும் கூடத்தில் எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்கு உலகத்தில் உள்ள குற்றங்களிலேயே பெரிய குற்றம் சொரசொரப்பு. ஊடைநூலைச் சுமந்துகொண்டு தறியில் அங்கும் இங்கும் ஓடும் நாடாவில் மயிரிழை அளவுக்குப் பிசிறு இருந்தாலும் நூல் மாட்டும், நூல் மாட்டினால் அறும், அறுந்தால் தறி நிற்கும். ஆகவே எந்தச் சாமான் கையில் கிடைத்தாலும் சட்டைப்பையிலிருந்து ஓர் இழை நூலை எடுத்து அதன்மேல் இழுத்துப் பார்ப்பார். நூல் வழுக்கிக்கொண்டு போனால் சாமான் நல்லது, பிடித்தால் மோசம். சைக்கிள் கைப்பிடி, இட்லித் தட்டு, என் பென்சில் டப்பா, எதையும் அவர் விட்டதில்லை. எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோதும் அப்பா நூலோடு வந்துவிடுவாரோ என்று என் தம்பி கேலி செய்தான்.

குடிவந்தபின் வந்த இரண்டாவது சித்திரை மாதத்தில்தான் டாக்டரம்மா அந்த விஷயத்தை அம்மாவிடம் சொன்னார். ராணுவ ஆஸ்பத்திரியில் நல்ல வேலையை விட்டுவிட்டு அவர் இப்படி வெயிலடிக்கும் ஊருக்கு வந்ததில் கர்னலுக்குக் கோபம். வருஷம் ஒன்றரை ஆகியும் மகள் எங்கே இருக்கிறாள், என்ன செய்கிறாள் என்று எட்டிப் பார்க்கவில்லை. கெஞ்சியதற்கு ஒரே பதில்: "கோல்ஃப்ல என்னை ஜெயிச்சுக் காட்டு, வரேன்." ஒவ்வொரு மே மாதமும் கர்னலின் பிறந்தநாளன்று அப்பாவும் மகளும் ஊட்டிக்குப் போய் ஒரு பந்தயம் ஆடுவார்கள், குறைந்த அடிகளில் பந்தை எல்லாக் குழிகளிலும் சேர்த்தவர் ஜெயித்தவர். மகள் ஒரு வருஷம்கூட ஜெயித்தது கிடையாது. சொல்லிக்கொண்டே வந்தவர் கடைசியில், "அப்பா ஒரு தடவை வந்து நான் பேஷண்ட் பார்க்கிறதைப் பார்த்தாப் போதும்கா" என்றார். அம்மா அன்றே கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டாள். எங்கள் ஊரில் பாதிப் பெண்களுக்கு அந்த அம்மனின் பெயர்தான், எனக்கும் அதுதான். அதனால் அம்மன் எங்கள் பேச்சைத் தட்டமாட்டாள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

ஊட்டிக்குக் கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது மட்டைகளை ஒரு முழுச் சுத்தம் செய்துவிடலாம் என்று வளவு முற்றத்தில் பரப்பினேன். ஒவ்வொன்றின் முகத்திலும், அதாவது பந்தில் படும் பக்கத்தில், வரிசையாகக் கோடுகள் உண்டு. அவற்றில் கரிசல் இறுகிக் கிடந்தது. ஊக்கால் நோண்டி எடுத்துவிட்டுத் துணியால் துடைத்தபோது துணியின் நூல் கோட்டில் மாட்டிக்கொண்டது. அதோடு சும்மா இருந்திருக்கலாம். நான்தான் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் குனிந்து பார்த்தார், நூலை எடுத்தார், இழுத்தார். நூல் பிடித்தது. ஐந்து மட்டையிலும் பிடித்தது. அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"ஏட்டி, பாத்தியா? தாத்தா காலத்துலேர்ந்து கீறிக் கீறி எப்படி வரிவரியா ஆயிருக்கு பாரு. இத வச்சிக்கிட்டு அந்தம்மா எங்கன போயி ஜெயிக்க?"

கீறல் இத்தனை ஒழுங்காக விழுமா என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா ஐந்து மட்டைகளையும் சைக்கிளில் கட்டிக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சாணையில் பிடித்தார். பிறகு முரட்டு உப்புத்தாள், பிறகு மென்தாள், பிறகு எண்ணெயும் துணியும். சாயங்காலம் திரும்பி வந்தபோது மட்டை முகங்கள் கண்ணாடியாக இருந்தன. என் முகம் அதில் தெரிந்தது, பல்லிடுக்கில் இருந்த கடலைத்தோல்கூடத் தெரிந்தது. நூலை இழுத்துப் பார்த்தோம். பாம்பு போல வழுக்கிக்கொண்டு ஓடியது. வெற்றி எங்களுக்குத்தான் என்று தம்பி ஒரு குதி குதித்தான்.

டாக்டரம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நாங்கள் நால்வரும் வரிசையாக நின்று நீட்டினோம். அவர் வாங்கிப் பெருவிரலை முகத்தில் ஓட்டினார். அடுத்ததை எடுத்து ஓட்டினார். ஐந்தையும் பார்த்தார். மாடிப்படியில் அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "ரொம்ப அழகா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மட்டைகளோடு மேலே போனவர் சாப்பிடக் கீழே வரவில்லை. அம்மாவுக்குச் சுருக்கென்றது. என்னை மேலே அனுப்பினாள். கட்டிலில் மட்டைகள் கிடந்தன, அவர் ஜன்னலோரம் நின்றிருந்தார். நான் விடாமல் கேட்டதற்குப் பிறகுதான் சொன்னார்: அவை கீறல்கள் இல்லை, செய்யும்போதே வெட்டிய கோடுகள். ஊட்டியில் புல் எப்போதும் ஈரமாக இருக்கும். கோடு இருந்தால்தான் பந்தை மட்டை பிடிக்கும், போய் விழுந்த இடத்தில் பந்து நிற்கும். கோடு இல்லாவிட்டால், பாசி பிடித்த தரையில் செருப்பு வழுக்குவதைப் போல் பந்து வழுக்கிக்கொண்டு போய்விடும். "அப்பாகிட்ட சொல்லாதே கோமதி, பாவம், ஆசையாச் செஞ்சிருக்கார்" என்றார்.

நான் படியிறங்கி வந்து நேராக அப்பாவிடம் சொல்லிவிட்டேன். என் வாயில் எந்த ரகசியமும் ஒரு படிக்கட்டுக்கு மேல் தங்கியதில்லை.

அப்பா கையைக் கழுவிவிட்டு எழுந்துவிட்டார், தட்டில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நூல் பிடிக்கவேண்டிய சாமான் என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதையே அவரால் ஜீரணிக்க முடியவில்லை. காலையில் கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு டாக்டரம்மா முன்னால் போய் நின்றார். "தப்புப் பண்ணிட்டேன் தாயி. கோடு எப்படி இருந்துச்சுன்னு ஒரு பேப்பர்ல போட்டுத் தாங்க. நாளைக்குள்ள தாரேன்" என்றார். டாக்டரம்மா ஞாபகத்திலிருந்து கோடு போட்டுக் காட்டினார். ஆனால் இரும்பில் ஒரே இடைவெளியில் கோடு வெட்டுவது லேசான காரியமா? அப்பா யோசித்துவிட்டு, தறியில் பாவுநூல்களைச் சீப்பு மாதிரி பிரித்து நிறுத்தும் "அச்சு" ஒன்றை, முரட்டுத் துண்டு நெய்வதற்கான அகலக்கண் அச்சை, எடுத்துவந்தார். அதை மட்டை முகத்தில் அழுத்திப் பிடித்து, பல்லிடுக்குகளை எண்ணிக் கணக்காக இடம் விட்டு ஊசியால் அடையாளம் வைத்தார். பிறகு ரம்பத் துண்டாலும் முக்கோண அரத்தாலும் ஒவ்வொரு கோடாக இறக்கினார். மட்டையை அசையாமல் பிடித்துக்கொள்வது என் வேலை, இரும்புத்தூளை ஊதுவது தம்பியின் வேலை. அன்று முழுக்கவும் மறுநாள் மத்தியானம் வரைக்கும் ஆனது. கடைசி மட்டை முடிந்ததும் அப்பா நூலை எடுத்து இழுத்தார். நூல் பிடித்தது. வாழ்நாளில் முதல்முறையாக அதற்குச் சிரித்தார்.

கீழ்க்கோடுகளுக்கு நடுவில் இடம் மிச்சம் கிடப்பதாக அப்பாவுக்குப் பட்டது. "நம்ம கையால செய்யுதது, கொசுறா ரெண்டு கோடு கிடக்கட்டும்" என்று ஒவ்வொரு மட்டையிலும் இரண்டு கோடு கூடுதலாகப் போட்டுவிட்டார்.

சோதித்துப் பார்க்க ஈரப்புல் வேண்டும். சித்திரை வெயிலில் எங்கள் ஊரில் ஈரப்புல் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். ரயில் நிலையத்தில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் ஒழுகும் இடம். அங்கே அறுகம்புல் பச்சைப்பசேலென்று கிடக்கும். சாயங்கால வண்டி போனதும் குடும்பத்தோடு போனோம். டாக்டரம்மா பந்தை நனைந்த புல்லில் வைத்து மெதுவாக வீசினார். பந்து எழும்பி, தண்டவாளத்தைத் தாண்டி, குட்ஸ் ஷெட் ஓரம் விழுந்து, ஓர் அடிகூட நகராமல் நின்றது. அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆடு மட்டும்தான் நகர்ந்தது. டாக்டரம்மா மட்டையைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், மறுபடி பந்தை வைத்தார். அதுவும் நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, இது ரயில்வே இடம் என்று சொல்ல வாயெடுத்தவர், அடுத்த பந்து எங்கே விழும் என்று பார்ப்பதற்காகப் பேசாமல் நின்றுவிட்டார்.

ஊட்டியிலிருந்து அவர் திரும்பும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை. ஐந்தாம் நாள் வாசலில் வந்து நின்றவர், பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "ஜெயிச்சேன் அண்ணாச்சி, ஒரே ஒரு அடியில. ஆனா செல்லாதாம்." நடந்தது இதுதான். முந்தின ராத்திரி பெய்த மழையில் புல்லெல்லாம் நனைந்திருக்கிறது. கர்னலின் பந்துகள் விழுந்து ஓடுகின்றன, மகளுடையவை விழுந்த இடத்தில் நிற்கின்றன. ஆட்டம் முடிந்ததும் கர்னல் மட்டையை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோடுகளை எண்ணியிருக்கிறார். விதிப்புத்தகத்தை வரவழைத்து, கோடுகள் இத்தனை நெருக்கமாக இருக்கக்கூடாது, ஆகவே இந்த ஆட்டம் கணக்கில் சேராது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அதாவது, அவர் சங்கரன்கோவிலுக்கு வரவேண்டியதில்லை.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அழிச்சதும் நான், கூட்டினதும் நான்" என்றார். அம்மாவுக்கு வந்த கோபத்தில், "கொசுறு போட இது என்ன கத்திரிக்காயா? அந்தப் பிள்ளையப் பாக்க அப்பன் வராமப் போயிட்டாரு, ஒங்களால!" என்று சத்தம் போட்டுவிட்டு அழுதுவிட்டாள். நானும் அழுதேன். நூல் மாட்டியதைப் பார்த்து அப்பாவைக் கூப்பிட்டவள் நானல்லவா? டாக்டரம்மாதான் எங்களுக்கெல்லாம் காபி போட்டுக் கொடுத்தார்.

ஒன்றரை மாதம் கழிந்தது. ஆனி மாதத்துக் காற்று தெருப்புழுதியையெல்லாம் வாரிக்கொண்டிருந்த ஒரு காலையில், வீட்டு வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. வெள்ளை மீசையும் விறைத்த முதுகுமாக ஒருவர் இறங்கினார். தோளில் ஒரு கோல்ஃப் பை. கர்னல்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அவர் மாடியைப் பார்க்கவே இல்லை. "பிட்டர் இருக்காரா?" என்று கேட்டார்.

சத்தம் கேட்டு டாக்டரம்மா படியில் பாதி இறங்கி வந்து நின்றுவிட்டார். கர்னல் அவர் பக்கம் திரும்பி, "நான் தோத்து வரலை. அந்த ஆட்டம் செல்லாது" என்றார். "இந்தக் கோட்டை வெட்டின ஆளைப் பார்க்க வந்தேன். நீ கூடுதல் கோட்டோட ஆடினா நானும் அப்படித்தான் ஆடணும். ரெண்டு பேருக்கும் ஒண்ணுன்னா விதிக்கு வேலை இல்லை." டாக்டரம்மா இறங்கி வந்து அவர் தோளிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே தோசைக்கல்லை அடுப்பில் போட்டாள்.

டாக்டரம்மா வேலைக்குப் போனதும் கர்னல், "சும்மா நடந்துட்டு வரேன்" என்று கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போய், வரிசையில் நிற்கும் ஜனங்களுக்குப் பின்னால், கதவோரம் ஒரு மணி நேரம் நின்று மகள் வைத்தியம் பார்ப்பதைப் பார்த்தாராம். வரிசையில் இருந்த இளையரசனேந்தலிலிருந்து வந்த கிழவர் ஒருவர், "நீங்க எத்தனாவது நம்பரு?" என்று கேட்டதற்கு, "கடைசி" என்றாராம். திரும்பி வந்தவர் அப்பாவிடம் பையைப் பிரித்தார். ஏழு இரும்பு மட்டைகள் இருந்தன. எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார்.

"ரெண்டு ரெண்டு கோடுதான சார்? மத்தியானத்துக்குள்ள ஏழையும் முடிச்சிருவேன்" என்றார் அப்பா.

கர்னல் மாடிப்படியைப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார். "அவசரம் இல்லை. ஒரு தடவைக்கு ஒண்ணு போதும்" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. ஏன் சார், கையோட முடிச்சிடலாமே என்று ஆரம்பித்தார். அடுக்களைக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அய்யா சொல்லுதது சரிதான். நீங்க ஒண்ணு போடுங்க, போதும்."

அப்படித்தான் கர்னல் எங்கள் ஊருக்கு வர ஆரம்பித்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டைக்குக் கோடு போட வருவார், நான்கு நாள் இருப்பார். ஒரு மட்டையில் இரண்டு கோடு போட நான்கு நாளா என்று யாரும் கேட்கவில்லை. அப்பா ஒரு நாளைக்கு அரைக்கோடு வீதம் இழுத்தடித்தார். ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் கர்னல் தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றதும், அம்மாவின் புளிக்குழம்புக்காக நெஞ்செரிச்சல் மாத்திரையோடு சாப்பிட உட்கார்ந்ததும், குளத்துக்குள் அப்பாவும் மகளுமாகக் காலையில் "டொக் டொக்" என்று அடித்ததும் அந்த மூன்று வருஷங்களில்தான். மகளிடம் தோற்றதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆறு மட்டைகள் முடிந்தன. ஏழாவதற்கு வருவதாக எழுதியிருந்தார். கடிதத்துக்குப் பின்னால் தந்திதான் வந்தது. மாற்றலாகிப் போகும்போது டாக்டரம்மா அந்த ஏழாவது மட்டையை அப்பா கையில் கொடுத்து, இது உங்களிடமே இருக்கட்டும் என்றார்.

இப்போது அந்தக் குளத்துக்குள் வீடுகள் வந்துவிட்டன. எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் குழாய் இல்லை, அதனடியில் கிடந்த அறுகம்புல்லும் இல்லை. அப்பா வேலை பார்த்த கூடம் கல்யாண மண்டபமாகியிருக்கிறது. போன மாதம் அங்கே ஒரு கல்யாணத்துக்குப் போய், அவர் சாணை பிடித்த மூலையில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்தேன். டாக்டரம்மா குன்னூரில் இருக்கிறார், காது மந்தம், போனில் நான் கத்துவது தெருவுக்கே கேட்கும். அப்பா காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. ஏழாவது மட்டை என்னிடம் இருக்கிறது. மாதம் ஒருமுறை துடைத்து வைக்கிறேன். அதில் அந்த இரண்டு கோடுகள் இல்லை.

அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒருநாள் நான் கேட்டேன், இதையும் முடித்து வைத்துவிடலாமே என்று. அவர் மட்டையை என்னிடமிருந்து வாங்கி, பழைய துண்டில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்:

"ஏட்டி, அதையும் போட்டுட்டா, அவருக்கு இங்கன வர என்ன சோலி இருக்கு?"